வழக்குமன்றம் வளர்த்த வ.உ.சி.

வ. உ. சிதம்பரனார் என்றதும் தமிழர் நெஞ்சில் இரண்டு காட்சிகள் எழும். ஒன்று, தூத்துக்குடிக் கடலில் ஓடிய சுதேசிக் கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் சுழன்ற செக்கு. கப்பலோட்டிய தமிழன் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் நாடு அவரைப் போற்றுவது பொருத்தமே. எனினும் கப்பல் அவர் கையில் இருந்த காலம் மிகச் சிறிது. சிறையில் அவர் கழித்தவை ஐந்துக்கும் குறைந்த ஆண்டுகள். வழக்குரைஞராக அவர் வாழ்ந்த காலமோ, சன்னது பறிக்கப்பட்டிருந்த ஆண்டுகளைத் தள்ளிக் கணக்கிட்டாலும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளை எட்டும். கப்பலைக் கடலில் இறக்கிய துணிவும், சிறையைப் பொறுத்த உறுதியும், பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நுணுக்கமும் அந்தத் தொழிலில் வேர்கொண்டவை என்பதை அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்குவோர் உணர்வர்.

குடியும் கல்வியும்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் தலைமகனாக அவர் பிறந்தார். தந்தையார் அவ்வட்டாரத்தில் பெயர் பெற்ற வக்கீல். வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர் வந்து அமர்வதும், பத்திரங்கள் விரிக்கப்படுவதும், சாட்சிகள் விசாரிக்கப்படுவதும் சிறுவர் சிதம்பரத்துக்கு நாள்தோறும் காணும் காட்சிகள். பாட்டனாரும் பாட்டியாரும் சிவகதைகளையும் இராமகதையையும் சொல்லி வளர்த்தனர். வீரப்பெருமாள் அண்ணாவி என்னும் திண்ணைப்பள்ளி ஆசிரியரிடம் தமிழ் பயின்றார். பின்னர்த் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். இளமையில் படிப்பில் எத்துணை ஆர்வமோ அத்துணை ஆர்வம் ஆட்டங்களிலும் அவருக்கு இருந்தது. இவற்றையெல்லாம் பின்னாளில் அகவல் யாப்பில் அவரே தம் வரலாறாக எழுதி வைத்தார். தமிழில் தன்வரலாறு என்னும் இலக்கிய வகை அரும்பத் தொடங்கிய காலத்தில், செய்யுள் வடிவில் தன்வரலாறு எழுதியவர் ஒரு வழக்குரைஞர் என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் எழுத்தராகச் சிறிது காலம் பணி செய்தார். அந்நாளில் அரசாங்க உத்தியோகம் என்பது குடும்பங்கள் தவம் கிடந்து பெறும் பேறு. அடங்காத இளைஞன் ஒருவன் கச்சேரியில் அமர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணும் பெற்றோரே மிகுதி. உலகநாத பிள்ளை அவ்வாறு அமையவில்லை. மேலதிகாரி சொன்னதை எழுதும் கையைவிட, எழுதியதைக் கேள்வி கேட்கும் நாவே தம் மகனுக்கு உரியது என்பதை அவர் கண்டிருக்க வேண்டும். சட்டம் பயிலுமாறு மகனைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினார்.

திருச்சிராப்பள்ளியில் சட்டப் பயிற்சி

அக்காலச் சட்டக் கல்வியின் இயல்பை அறிந்தாலன்றி இந்த முடிவின் அருமை விளங்காது. பல்கலைக்கழகப் பட்டமும் அதன்மேல் சட்டப் பட்டமும் பெற்றவர்களே சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களாயினர். இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியோர் அவர்க்கும் மேலாக மதிக்கப்பட்டனர். இவ்விரு வழிகளும் நீண்டவை. பெரும் பொருட்செலவை வேண்டியவை. பட்டமில்லாத சிற்றூர் இளைஞர்களுக்குத் திறந்திருந்த வழி பிளீடர் தேர்வு ஒன்றே. அதில் வென்றவர் 1879ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டப்படி சன்னது பெற்றுக் கீழமை நீதிமன்றங்களில் வாதாடலாம்.

கணபதி ஐயர், ஹரிஹரன் என்னும் இரு வழக்கறிஞர்களிடம் சிதம்பரனார் சட்டம் பயின்றார். அவர் கற்க வேண்டியிருந்தவை பெரும்பாலும் அவர்காலத்துக்குச் சற்று முன்னரே ஆங்கில ஆட்சியினர் வகுத்த தொகைச் சட்டங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பெற்றது. சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் 1872இல், அதாவது அவர் பிறந்த ஆண்டிலேயே, நடைமுறைக்கு வந்தன. நூற்பாவும் உரையும் எடுத்துக்காட்டுமாக அமைந்த அந்தச் சட்டநூல்களின் அமைப்பு, இலக்கண நூல்களிற் பழகிய தமிழ் மாணவருக்கு முற்றிலும் அயலானதன்று. விதியைச் சொல்லி, அதற்குப் புறனடை வகுத்து, சான்று காட்டிப் பொருளை நிறுவும் முறை இரண்டிற்கும் பொது. ஒரு சொல்லை எங்கே வரையறுக்க வேண்டும், எந்தச் சான்று ஏற்கத்தக்கது, எது செவிவழிச் செய்தி என்று பிரித்தறியும் பழக்கத்தைத் திருச்சிராப்பள்ளி அவருக்குத் தந்தது.

இன்னொன்றும் ஈண்டு நினையத்தக்கது. தண்டனைச் சட்டத்தில் 1870ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 124-அ என்னும் அரசநிந்தனைப் பிரிவும் அம்மாணவர் கற்ற ஏடுகளில் இருந்தது. அதனை அவர் தேர்வுக்குரிய பகுதிகளுள் ஒன்றாகவே படித்திருப்பார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே பிரிவு அவர்மீதே பாய்ந்தது.

முதல் வழக்குகள்

1894இல் தேர்வில் வென்று, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே வள்ளியம்மையை மணந்தார். சட்டம் கற்றுவந்த இளைஞர் தந்தையின் நிழலில் ஒதுங்கி, அவருடைய கட்சிக்காரர்களைக்கொண்டே பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. ஆயின் சிதம்பரனார் தமக்கெனத் தனிப்பாதை வகுத்துக்கொண்டார். குற்றவியல் வழக்குகளில் அவர் மனம் பெரிதும் ஈடுபட்டது.

குற்றவியல் வழக்கு என்பது சிற்றூர்களில் வலியோர்க்கும் எளியோர்க்கும் இடையே நிகழும் போராட்டமாகவே பெரும்பாலும் அமையும். எல்லைத் தகராறு அடிதடியாகும். அடிதடி காவல் நிலையம் ஏறும். அங்கே ஏழையின் சொல் அம்பலம் ஏறாது. வாய்தாவுக்கு வாய்தா நடந்து கால் தேய்ந்து, அன்றாடக் கூலியும் இழந்து, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று துணிந்த ஏழைகள் எத்துணையோ பேர். அத்தகையோர்க்கு இளம் வக்கீல் சிதம்பரனார் துணை நின்றார். பொருள் தர இயலாதவர்களுக்காகப் பொருள் பெறாமலே வாதாடினார். இதனால் அவருக்கு வருவாய் குறைந்துவிடவில்லை. ஏழைக்காகக் காவலரை எதிர்த்து நிற்பவர் தமக்காகவும் அஞ்சாமல் நிற்பார் என்று கண்ட செல்வரும் அவரை நாடி வந்தனர். தொழிலில் நாணயமும் வருவாயும் ஒருங்கே வளர்ந்த அருமை அவரிடத்தில் காணப்பட்டது.

அவருடைய வெற்றிகள் சிலருக்கு இடையூறாயின. பொய்வழக்குகள் நீதிமன்றத்தில் உடைபடுவதைக் காவல் துறையினர் விரும்பவில்லை. கைக்கூலி பெற்ற சப்-மாஜிஸ்திரேட்டுகளின் குற்றத்தையும் அவர் வெளிப்படுத்தி மெய்ப்பித்தார். நாள்தோறும் எந்த நீதிபதியின் முன் நின்று தொழில் நடத்த வேண்டுமோ அந்த நீதிபதியின்மீதே குற்றம் சாட்டுவது, தொழில் தொடங்கிய இளைஞருக்கு எத்துணை இடர் தருவது என்பதை வழக்குமன்றம் அறிந்தோர் அறிவர். தோற்றால் ஒரு வழக்கு மட்டும் போகாது, பிழைப்பே போகும். அவர் சான்றுகளைத் திரட்டிய பின்னரே வாய் திறந்தார், ஆதலின் வென்றார். அறச்சினம் மட்டும் போதாது, அதனைத் தாங்கி நிற்கும் ஆவணமும் வேண்டும் என்னும் பாடம் அந்நாளிலேயே அவரிடம் படிந்துவிட்டது.

இல்லறத்திலும் அவர் வழக்கத்துக்கு மாறாக நின்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. கண்பார்வையற்ற இராமையா தேசிகர் என்னும் பெரியவரைத் தம் இல்லத்தில் இருத்தி ஆதரித்தார். அவருடைய குலத்தைக் காட்டி ஊரார் தடுத்தனர். சிதம்பரனார் மனைவியாரின் கருத்தை வினவினார். வள்ளியம்மை தயங்காது அப்பெரியவருக்குத் தம் கையாலேயே உணவளித்துப் பேணினார். நீதிமன்றத்தில் எளியோர்க்காகப் பேசிய குரல், வீட்டு வாயிலோடு நின்றுவிடவில்லை. இந்த நன்மனையாள் சில ஆண்டுகளிலேயே இறந்துபட்டது அவருக்கு நேர்ந்த முதற் பேரிழப்பு. பின்னர் மீனாட்சி அம்மையை மணந்தார்.

தூத்துக்குடியில் ஓங்கிய புகழ்

அதிகாரிகளின் பகை முற்றுவதைக் கண்ட தந்தையார் 1900இல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். பகைக்கு அஞ்சி எடுத்த அந்த முடிவு நாட்டு வரலாற்றையே திருப்பிவிட்டது. 1870-களில் இருப்புப்பாதை வந்தபின் கரிசல் நிலத்துப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி ஓடிற்று. சாத்தூரிலும், விருதுநகர் என்று பின்னர்ப் பெயர் பெற்ற விருதுபட்டியிலும் வணிகர் சேர்த்த சரக்கு அங்கே கப்பலேறியது. ஆயின் கப்பல் ஆங்கிலேயருடையது; ஆலை ஆங்கிலேயருடையது. வணிகர்களும் ஆலைத் தொழிலாளரும் வக்கீலைத் தேடி வந்தபோது, தனித்தனி மனிதரின் வழக்குகளுக்குப் பின்னே ஒரு நாட்டின் வழக்கு இருப்பதைச் சிதம்பரனார் கண்டார்.

சைவ நூல்களிலும் தமிழ் நூல்களிலும் அவருக்கிருந்த ஈடுபாடு இக்காலத்தில் வளர்ந்தது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் நட்பு வாய்த்தது. 1906இல் சென்னையில் பாரதியைக் கண்டார். இருவருடைய தந்தையரும் முன்பே நண்பர்கள். தந்தையர் நட்பு மைந்தரிடத்தில் நாட்டுப்பற்றாக மலர்ந்தது.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். உணர்ச்சி மிக்க இளைஞர் ஒருவர் படகொன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிய கதையன்று இது. ஆட்சியாளரின் கம்பெனிச் சட்டத்துக்கு இயையப் பதிவு செய்து, பங்குகளை வகுத்து, அவர்களுடைய சட்டத்தைக் கொண்டே அவர்களுடைய வணிகத்தை எதிர்த்த முயற்சி. அதில் வழக்குரைஞரின் கை தெளிவாகத் தெரிகிறது. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து ஆங்கிலக் கம்பெனி போட்டியிட்டது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தடைந்து கொழும்புக்கு ஓடின.

1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோதும் அவர்தம் குறைகளை நிரல்படுத்தி, நிருவாகத்தோடு பேசி, ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெறத் துணைநின்றார். கட்சிக்காரருக்காகப் பேசுவதுபோலவே அவர் தொழிலாளருக்காகவும் பேசினார். இம்முறை எதிர்த்தரப்பில் நின்றது அரசு.

குற்றவாளிக் கூண்டில் வழக்குரைஞர்

1908 மார்ச் 12இல் சுப்பிரமணிய சிவாவுடன் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கூண்டுக்கு வெளியே நின்று வாதாடியவர் கூண்டுக்குள் நின்றார். ஜூலை 7ஆம் நாள் அமர்வு நீதிபதி பின்ஹே, அரசநிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனையும் சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் விதித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்குமாறு தீர்ப்பளித்தார். அதே பிரிவின்கீழ்த் திலகருக்குப் பம்பாயில் ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது அடுத்த பதினைந்தாம் நாள். தூத்துக்குடித் தண்டனைகளின் கடுமையை இந்தியச் செயலராக இருந்த மார்லியே ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆயினும் செய்தி கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கத்தை எந்த மேல்முறையீடும் நீக்கவில்லை.

கோவையிலும் கண்ணனூரிலும் கழிந்த சிறைநாட்களைத் தமிழுலகம் நன்கறியும். 1912 டிசம்பர் 24ஆம் நாள் அவர் வெளிவந்தபோது வாயிலில் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

சன்னது இழந்த ஆண்டுகள்

தண்டனையின் முடிவில் சிறைக்கதவு திறந்தது. நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. தண்டனை பெற்றமையால் அவருடைய சன்னது பறிக்கப்பட்டிருந்தது. செக்கு இழுத்த துன்பத்தைப் பாடுவோர் இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் பாடுவதில்லை. செக்கு உடலை வருத்திற்று. சன்னது இழப்போ வீட்டு உலையை அணைத்தது. கையில் இருந்த ஒரே தொழிலைச் செய்ய உரிமையின்றி, மனைவி மக்களோடு சென்னையில் மளிகைக்கடை வைத்தார், நெய் விற்றார், பின்னர்க் கோவைக்குச் சென்று வேலை பார்த்தார். வழக்காடி வழக்காடிப் பழகிய நா, நிறைகோலின் முன் அமைதி காத்தது. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கெனத் திரட்டிய தொகை காந்தியடிகள் வழியாக வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று; 1916இல் வந்தது 347 ரூபாய் 12 அணா.

இந்த வறுமையின் நடுவில்தான் அவருடைய தமிழ்ப்பணி தழைத்தது என்பது வியப்புக்குரியது. மெய்யறம், மெய்யறிவு, பாடற்றிரட்டு ஆகியவை 1914, 1915ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார். வழக்குரைஞராக இருந்து பின் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற ச. வையாபுரிப் பிள்ளையின் துணை அதில் அவருக்குக் கிட்டியது. சுவடிப் பதிப்பும் ஒருவகையில் சான்று விசாரணையே. ஏடுகள் சாட்சிகள், பாடவேறுபாடுகள் முரண்பட்ட வாக்குமூலங்கள், எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று தீர்ப்பது பதிப்பாசிரியர் கடன். திருச்சிராப்பள்ளியில் கற்ற வித்தையைச் சட்டம் தடுத்த இடத்தில் தமிழ் ஏற்றுக்கொண்டது.

கோவிற்பட்டியில் மறுதொடக்கம்

1920-களில் சன்னது மீண்டது. அதற்குத் துணைநின்றவர், முன்னர் நெல்லைச் சீமையில் பணியாற்றியபோது அவரை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து அனைத்தையும் இழந்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் குடும்பத்தில் நிலைநிறுத்தினார். ஆட்சிமீது கொண்ட பகையை ஆள்மீது கொள்ளாத நெஞ்சம் அது.

ஐம்பது வயதைக் கடந்த நிலையில் கோவிற்பட்டியில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார். அவ்வாண்டுகளில் அக்கரிசல் வட்டாரமே புதுத்தொழில் கற்றுக்கொண்டிருந்தது. சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். மழை பொய்த்த மண்ணில், வெயிலையே முதலாக்கிய அந்தத் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி எனப் பரவிப் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. வெளியூர் சென்று ஒன்றைக் கற்று, அதனைச் சொந்த மண்ணுக்குக் கொணரும் மரபில் சிதம்பரனார் அவர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர்.

ஆயினும் காலம் மாறியிருந்தது. பட்டம் பெற்ற இளம் வக்கீல்கள் பெருகியிருந்தனர். பழைய கட்சிக்காரர் பலர் இல்லை. ஒட்டப்பிடாரத்தில் இளைஞராகப் பெற்ற வெற்றி கோவிற்பட்டியில் முதியவர்க்குக் கிட்டவில்லை. வருவாய் சுருங்கிற்று, கடன் வளர்ந்தது. அந்நிலையிலும் 1927இல் சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கித் தம் கருத்துகளை ஒளிக்காமல் உரைத்தார். 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1935இல் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது.

இறுதி ஆவணம்

1936 நவம்பர் 18ஆம் நாள், அவர் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதற்குமுன் அவர் எழுதுவித்த உயில், ஒரு வழக்குரைஞர் விட்டுச்சென்ற கடைசி ஆவணமாக இன்றும் நம்முன் உள்ளது. பொதுவாக உயில் என்பது உடைமைகளைப் பங்கிடும் ஏடு. அவருடைய உயிலிலோ கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியலே கண்ணில் நிற்கிறது. கடைக்காரர்க்குத் தர வேண்டிய சிறு தொகைகளையும் அவர் மறக்கவில்லை. 10 இலட்சம் ரூபாய் மூலதனக் கம்பெனியை உருவாக்கியவர் சில்லறைக் கடன்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவித்தார். ஒருவர்க்கும் வழக்குத் தொடுக்கும் தேவை நேரக்கூடாது என்று எண்ணினார் போலும்.

அவருடைய தன்வரலாறு 1946இல் அச்சேறியது. எழுதியவர் அந்த அச்சுப்படியைக் காணவில்லை. இன்று அவர் பெயரில் துறைமுகம் உண்டு, கல்லூரி உண்டு, ஊர்தோறும் சிலைகள் உண்டு. ஆயின் சட்டப் புத்தகத்தைக் கையிலேந்திக் கீழமை நீதிமன்றப் படியேறும் இளம் வழக்குரைஞர் ஒவ்வொருவருக்கும் உரிய சிதம்பரனார் அச்சிலைகளில் இல்லை. அவர் ஒட்டப்பிடாரத்துக் கச்சேரி வாயிலில், கட்டணம் தர வழியில்லாத ஓர் ஏழையின் வக்காலத்தைக் கையில் வாங்கும் இருபத்து மூன்று வயது இளைஞராக நிற்கிறார். அந்த இளைஞரை அறிந்தபின் கப்பலும் செக்கும் நமக்கு வேறு பொருள் தரும்.